மூன்று லேபிளுக்காக 380 பாஸ்வேர்டையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள்

பாஸ்வேர்ட் பட்டியலை எக்செல்லில் நேரடியாகத் திறக்காதீர்கள் என்று அனுப்பும்போதே எழுதினேன். தடித்த எழுத்தில், சிவப்பு நிறத்தில் எழுதினேன். திறந்தார்கள். திறந்ததோடு விட்டார்களா, சேவ் வேறு செய்து வைத்தார்கள்.

சின்ன வேலைதான். ஒரு பயிற்சி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த 380 பேருக்கு முதல் நாள் உள்ளே நுழைய ஆளுக்கொரு பாஸ்வேர்ட். லேபிளில் அச்சடிக்க வேண்டும், எட்டு எழுத்துக்கு மேல் போகாதீர்கள் என்றார்கள். சரி. ஓப்பன்எஸ்எஸ்எல் ராண்ட் ஹெக்ஸ் 4 என்று ஒரு கட்டளை, தற்செயலாக எட்டு குறிகளைக் கொடுக்கும். அதை 380 முறை ஓட்ட ஒரு ஃபார் லூப், வந்ததையெல்லாம் சிஎஸ்வி என்கிற வெறும் எழுத்துக் கோப்பில் கொட்டியாயிற்று. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஹெக்ஸில் சைபர் முதல் ஒன்பது, ஏ முதல் எஃப் என்று பதினாறே குறிகள், அதனால் சைபரா ஓவா, ஒன்றா எல்லா என்று யாரும் கண்ணைக் கசக்க வேண்டாம். முதல் லாகினிலேயே மாற்றச் சொல்லும். ஐந்து முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். எல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

சனிக்கிழமை காலை. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் தோசையை இன்னும் பிய்க்கக்கூட இல்லை, பயிற்சி நிலையத்து அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, நீங்க குடுத்த பாஸ்வேர்ட் வேலை செய்யல."

"எத்தனை பேருக்குக்கா?"

"எல்லாருக்கும்தான்னு நினைக்கிறேன்."

எல்லாருக்கும் இல்லை. மூன்று பேருக்கு. லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. மஞ்சள் லேபிள், அதில் கொட்டை எழுத்தில்: 4.81ஈ+12.

வயிறு எரிந்துவிட்டது. நான் கொடுத்தது 481093ஈ7. நடுவில் ஒரே ஓர் ஆங்கில ஈ, மற்றதெல்லாம் எண். எக்செல் அதைப் பார்த்தவுடன் '481093 பெருக்கல் பத்தின் ஏழாம் அடுக்கு' என்று தானாக முடிவு செய்துவிடும். சேவ் செய்தால் திரையில் சுருக்கிக் காட்டுவதுதான் சிஎஸ்விக்குள் போகும், அசல் போயே போச்சு. இன்னொருவருக்கும் இதே கதி. மூன்றாமவருடையது 00471926, முன்னால் இருந்த இரண்டு சைபரையும் விழுங்கிவிட்டு வெறும் 471926. டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதையும் மின்னஞ்சலில் படிப்படியாக எழுதியிருந்தேன்.

கவுன்டரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், அந்தப் புள்ளியையும் கூட்டல் குறியையும் விடாமல் ஐந்து முறை தட்டியிருக்கிறார். கணக்குப் பூட்டிக்கொண்டது. வயதான காலத்தில் படிக்க வந்த மனுஷனை முதல் நாளே எல்லார் முன்னாலும் முழிக்க வைத்துவிட்டார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மூன்று லேபிளை மட்டும் திருத்தி அனுப்புகிறேன் என்றேன். கேட்டால்தானே!

"அதெல்லாம் வேணாம் தம்பி. சிம்பிளா ஐசி கடைசி நாலு போட்டுடுங்க. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்."

அக்கா, ஐசி என்கிற அடையாள அட்டை எண்ணின் அந்தக் கடைசி நாலில் மூன்று எண், ஓர் எழுத்து. குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஐசியில் அந்தக் கடைசி எழுத்து 11 எழுத்துகளில் ஒன்றாகத்தான் இருக்கும். மொத்தமே 11,000 வாய்ப்புகள். என்னுடைய எட்டு ஹெக்ஸுக்கு 429 கோடிக்கும் மேல். அதைக்கூட விடுங்கள். உங்கள் கவுன்டரிலேயே நூல் கட்டிய பேனாவோடு வருகைப் பதிவுத் தாள் கிடக்கிறதே, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதே நாலு எழுத்து! கையெழுத்துப் போட வருகிறவன் எல்லாருடைய பாஸ்வேர்டையும் படித்துக்கொண்டே போகலாம். ஐசி எண்ணை பாஸ்வேர்டாக வைக்காதீர்கள் என்று 2025 ஜூனில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்தே சொல்லியாயிற்று. 2018-இல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தில் 15 லட்சம் பேரின் விவரம் களவு போனதே, அந்த விசாரணையில் ஒரு சர்வரின் நிர்வாகிக் கணக்குக்கு என்ன பாஸ்வேர்ட் இருந்தது தெரியுமா? 'பாஸ்வேர்ட்' என்ற அதே சொல், ஏ-வுக்கு பதில் அட் குறி, ஓ-வுக்கு பதில் சைபர். அதுவும் யாரோ "ஞாபகம் இருக்கும்" என்று வைத்ததுதானே?

முடியாது, ஐசி எண்ணைப் போட மாட்டேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. 380 பேருக்கும் அவர்களே ஐசி எண்ணாக மாற்றிக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் நேற்று ராத்திரி அவர்களுடைய புதுப் பதிவு ஃபாரத்தைச் சோதிக்க என் பெயரையே அடித்தேன். "செல்லாத குறி" என்கிறது. இன்னாரின் மகன் என்பதற்குப் பெயரில் போடும் எஸ்/ஓ-வில் இருக்கும் சாய்கோடுதான் அதற்கு ஆகவில்லையாம். இந்த ஊரில் எத்தனை தமிழர் பெயரில் எஸ்/ஓ, மகள் என்றால் டி/ஓ இருக்கிறது! பிறப்புச் சான்றிதழிலிருந்து என்னோடு வருகிற கோடு அது, அதற்கு அந்தப் பக்கம் இருப்பது என் அப்பா பெயர். எடுத்துவிடு என்று சொல்ல இந்த ஃபாரம் யார்?