‘பி.எம்.ஏ. மலாயா’ தபால்தலை பல லட்சம் பெறுமா? உண்மை இதுதான்

“ஐயா காலத்துப் பெட்டகத்தில் ‘பி.எம்.ஏ. மலாயா’ என்று அச்சுக் குத்திய தபால்தலை இருக்கிறதா? சிப்பாய்கள் மட்டும் பயன்படுத்தியது, ஒன்று பல லட்சம் பெறும். உறையை நனைத்துத் தலையை மட்டும் எடுத்து வையுங்கள்.” காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. தவறான செய்தி.

பி.எம்.ஏ. என்பது பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம். ஜப்பான் சரணடைந்த பின், 1945-இல் மலாயாவை ஆண்டது. பெயரில்தான் ராணுவம், தபால்தலை எல்லோருக்கும் பொது. பினாங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் ஊருக்குக் கடிதம் போட்ட நம்மவர்களும் இதைத்தான் ஒட்டினார்கள். 1946 ஏப்ரலில் அந்த நிர்வாகம் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் இது புழங்கியது. ஏராளமாக அச்சானதால், சில சென்ட் மதிப்புள்ளவை இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன.

நனைக்கச் சொல்வதுதான் எனக்குப் பெரிய வேதனை. மதிப்பே அந்த முழு உறையில்தான் இருக்கிறது: புறப்பட்ட ஊர், தேதி முத்திரை, கடிதங்களைப் படித்துப் பார்க்கும் தணிக்கை அதிகாரி பிரித்து மறுபடி ஒட்டிய காகிதப் பட்டை, உள்ளே இருக்கும் கடிதமும் கணக்கும். தலையைப் பிரித்தால் அத்தனையும் போயிற்று.

சிப்பாய்களின் கடிதத்தைக் களத் தபால் நிலைய (படையினருக்கென்று இயங்கிய அஞ்சலகம்) முத்திரையும் அதன் எண்ணும்தான் காட்டிக்கொடுக்கும். பல உறைகளில் தபால்தலையே இருக்காது. போர்ப்பணியில் இருந்தவர்களுக்குக் கட்டண விலக்கு இருந்தது. வெளிநாட்டுப் போருக்குப் போன இந்தியப் படைக்கென்றே 1914-இல் ‘ஐ.இ.எஃப்.’ (இந்தியன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்) என்று அச்சிட்ட தலைகள் வந்தன. அவை வேறு.

பர்மாவில் 1942-இல் மயில் உருவம் குத்திய தலைகளில் அரியவை உண்டு. ஆனால் போலிகளும் மலிந்தவை. நிபுணர் சான்று இல்லாமல் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.