என் அம்மா விருந்தாளி அல்ல

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி ஏன் எதுவும் எழுதவில்லை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறவில்லை.

பேச வந்தவர் மானிடவியல் படித்தவர். குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சௌராஷ்டிரர்களான எங்களை "மதுரையின் நானூறு ஆண்டு விருந்தாளிகள்" என்றார். கைதட்டினார்கள். பிறகு முன்வரிசையில் இருந்த என் அம்மாவிடம், "அம்மா, நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டார். அம்மா எழுந்து நின்று, "தெற்குவாசலிலிருந்து" என்றார். மதுரைக்குள்ளேயே நாங்கள் இருக்கும் பகுதி அது. அரங்கமே சிரித்தது. அம்மாவுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை.

பேச்சாளர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியும். ஆனால் விருந்தாளி என்றால் என்ன பொருள்? இலை போடுவார்கள், உபசரிப்பார்கள், வீட்டு விஷயத்தில் வாய் திறக்க விடமாட்டார்கள். என்றைக்காவது கிளம்ப வேண்டியவர் அவர். நாங்கள் எங்கே கிளம்புவது?

அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவர். ஒரே வாசலில் ஆறு குடித்தனம் இருந்த காம்பவுண்டு வீடு. மதியச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, துணியை நகத்தால் கிள்ளி நூலால் முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அம்மாவின் கட்டைவிரல் நகம் இன்றும் நேராக வளர்வதில்லை. அந்தக் கூலியில்தான் என் பள்ளிப் புத்தகங்கள் வந்தன. 2005இல் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்ற அங்கீகாரம், கொடுத்தார்கள். என்ன பெயரில்? மதுரைச் சுங்குடி என்று. சேலை மதுரையுடையது, அதற்கு முடிச்சுப் போட்டவள் மட்டும் விருந்தாளியா? ஊர் ஊராக முருகன் கோயில் ஒலிபெருக்கிகளில் கேட்கும் எங்களவர் டி.எம்.சௌந்தரராஜன் குரல் விருந்தாளியின் குரலா?

"குஜராத்திலிருந்து வந்தோம் என்று நீங்கள்தானே சொல்லிக்கொள்கிறீர்கள்?" என்பார்கள். ஆமாம், சொல்கிறோம். பட்டு நெய்தவர்கள் விஜயநகரம் வழியாக நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்தார்கள். அது பூர்வீகம். பூர்வீகம் வேறு, ஊர் வேறு. 2023 ஏப்ரலில் குஜராத்தின் சோம்நாத்தில் சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமம் என்ற விழா நடந்தபோது என் பெரியப்பா ரயிலேறிப் போனார். அவர் பேசியது அங்கிருந்தவர்களுக்குப் பாதிதான் புரிந்ததாம். அங்கேயும் "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். "மதுரை" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்தப் பேச்சாளர் படித்த மானிடவியலிலேயே ஃபிரெட்ரிக் பார்த் என்ற நார்வே அறிஞர் 1969இல் ஒன்று சொன்னார். பழக்கவழக்கங்களைப் பட்டியல் போட்டு ஓர் இனக்குழுவை அறிய முடியாது. நாம், அவர்கள் என்ற எல்லைக்கோட்டை யார் போடுகிறார்கள், எப்படிக் காக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். அன்று அந்த எல்லைக்கோட்டை மேடையில் நின்று போட்டவர் அந்தப் பேச்சாளர்தான்.

"நீங்களும் பூணூலைக் காட்டி ஒதுங்கியவர்கள்தானே?" என்றும் கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்லும்போது குரல் இறங்குகிறது. பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டச் சடங்கைச் செய்ததற்காக எங்களவர் 18 பேர் பிடிக்கப்பட்டதும், பிறகு மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் அந்த உரிமையை ஏற்று ஓலை கொடுத்ததும் எங்கள் வீடுகளில் பெருமையாகச் சொல்லப்படும் கதை. அந்தப் பெருமையில் பிறரைத் தள்ளி வைத்த பெரியவர்கள் இருந்தார்கள். என் தாத்தாவும் அப்படித்தான். ஆனால் 1939இல் ஒடுக்கப்பட்டவர்களின் மீனாட்சியம்மன் கோயில் நுழைவுக்காகப் பாடுபட்ட என்.எம்.ஆர்.சுப்பராமனும் எங்களவர்தான். அதை ஏன் மேடையில் சொல்லவில்லை?

"வீட்டுக்குள் தனி மொழி பேசுகிறீர்களே" என்ற குற்றச்சாட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேசுகிறோமா? 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம் பேர்தான். எங்கள் எழுத்துக்கு 2008இல் கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் இடம் கிடைத்துவிட்டது, என் வீட்டில் அதை வாசிக்க ஒருவரும் இல்லை. தமிழ் எழுத்தின் தலையில் சின்ன எண்களைப் போட்டு எழுதிச் சமாளிக்கிறோம். அம்மா "பாணி" என்று கேட்டால் என் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள், பதில் மட்டும் தமிழில் சொல்வாள். பஸ்ஸில் பாட்டி போனில் அழைத்தால் எடுக்கவே மாட்டாள், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். அவளை நான் எப்படிக் கோபித்துக்கொள்வது? ஞாயிற்றுக்கிழமை அவளும் அந்த அரங்கில் இருந்தாள். பாட்டியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அவளும் கேட்டாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் யாரும் பேசவில்லை. நேற்று இரவு மாத்திரை கொடுக்கப் போனபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அன்றைக்கு நான் தப்பாகச் சொல்லிவிட்டேனா?"

இல்லை அம்மா, சரியாகத்தான் சொன்னீர்கள் என்றேன். அவர் நம்பவில்லை.