மேல்தாடையில் யாரும் பல்லைப் பிடுங்கவில்லை

ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் கடற்கரையில் ஒதுங்கிய மண்டையோட்டைக் காட்டி, “மேலே முன்பற்களே இல்லை, அழிந்துவரும் சங்காய் மானைக் கொன்று பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள்” என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு, தம்பி. எந்த மானுக்கும் மேல்தாடையில் வெட்டுப்பற்கள் கிடையாது. ஆடு மாடுகளுக்கும் அப்படித்தான். அங்கே தடித்த ஈறுதான் இருக்கும். கீழ்த்தாடையின் 8 முன்பற்கள் புல்லை அந்த ஈறோடு அழுத்திப் பிடிக்க, தலையை வெடுக்கென்று இழுத்து மான் அறுத்துக்கொள்ளும். அந்த எட்டில் ஓரத்து இரண்டும் உண்மையில் கோரைப்பற்கள், வெட்டுப்பல் போல மாறியவை. சதை அழுகினால் ஈறும் போய்விடும். எலும்பு மொட்டையாகத் தெரியும்.

சங்காய் இயற்கையாக வாழ்வது மணிப்பூரின் லோக்தாக் ஏரிப் பகுதியில். மான் மண்டையோட்டில் கண்குழிக்கு முன்னால் ஆழமான பள்ளமும், மூக்கெலும்பை ஒட்டிப் பெரிய திறப்பும் இருக்கும். உங்கள் படத்தில் இரண்டுமே இல்லை, வெள்ளாடாகவே தெரிகிறது. ஊர்க்காரர்களை வேட்டைக்காரர்கள் என்று சொன்ன வரியைத் தயவுசெய்து நீக்குங்கள்.