வீட்டுக்கு ஒரு பிள்ளை

ஈழப் போரைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். இலங்கையின் வடக்கே, விடுதலைப் புலிகளின் கையில் இருந்த வன்னியில், அவர்கள் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனதை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம். சொன்னால் இலங்கை அரசுக்குச் சாதகமாகிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் ஏற்கவில்லை. பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்த இடத்திலும் மருத்துவமனைகள் மீதும் ராணுவம் குண்டு போட்டதை 2011-இல் ஐநா நிபுணர் குழு எழுதியது. புலிகள் 14 வயதுப் பிள்ளைகளைக்கூடச் சேர்த்ததும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. இரண்டுமே நடந்தவை.

நம் குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைய. விரும்பிப் போனார்கள், சம்பளமும் பென்ஷனும் உண்டு. அதனாலோ என்னவோ, வீட்டு வாசலில் வந்து பிள்ளையைக் கேட்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியவில்லை. பழவிளையிலும் பெருமாள்புரத்திலும் ஈழ அகதி முகாம்களில் இருப்பவர்களிடம் கேட்டால் தெரியும்.

வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டார்கள். கல்யாணம் ஆனவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நிலை இருந்தது. அப்புறம் பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கட்டி வைத்தார்கள். முகாமில் ஒரு அக்கா சொன்னார்: "எனக்குப் பதினாறு, அவருக்குப் பதினெட்டு. ரெண்டு வீட்டுப் பிள்ளையும் தப்பட்டும் எண்டு அம்மா கட்டி வச்சவ, தம்பி." பதிவு செய்யாத கல்யாணம். பிறகு ஒவ்வொரு சான்றிதழுக்கும் அலைந்திருக்கிறார். இவரை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. எந்தக் கணக்கிலும் இவர் பெயர் வராது. ஆனால் படிப்பு போனது, இளமை போனது. அதற்கும் அந்த ஆள்பிடிப்புதான் காரணம் என்கிறேன்.

2008-இல் வீட்டுக்கு ஒருவர் என்ற விதியும் நிற்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேரைக் கேட்டார்கள் என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் (ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்) அந்த ஆண்டு டிசம்பரில் பதிவு செய்தது. 17 வயதுக்குக் கீழே சேர்க்க மாட்டோம் என்று புலிகள் 1998-இலேயே ஐநா பிரதிநிதியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1989-இல் தமிழ்த் தேசிய ராணுவம் என்ற பெயரில் ஈபிஆர்எல்எஃப் போன்ற, புலிகளுக்கு எதிரான ஈழ இயக்கங்கள் வீதியில் போன பையன்களைப் பிடித்தபோது, பின்னால் நின்றது அமைதிப்படை என்று அங்கே போயிருந்த இந்திய ராணுவம். 1990 மார்ச்சில் நம் ராணுவம் கப்பலேறிவிட்டது. அந்தப் பையன்களில் பலர் புலிகள் கையில் செத்தார்கள்.

இன்றும் இது நடக்கிறது. 2024 பிப்ரவரியில் மியான்மர் ராணுவம் கட்டாய ஆள்சேர்ப்பை அமலாக்கியது. அங்கேயும் கல்யாணமான பெண்களுக்கு விலக்கு. அங்குள்ள அம்மாக்கள் என்ன யோசிப்பார்கள் என்று இந்த அக்காவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரும் மே 18-இல், ஈழப் போரில் இறந்தவர்களுக்கான நினைவேந்தலில் நம் ஊர்த் தலைவர்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, முகாமிலிருந்து ஒரு தாயை மேடைக்கு அழையுங்கள். இலங்கை ராணுவம் செய்ததையும் சொல்லட்டும், புலிகள் பிள்ளை பிடித்ததையும் சொல்லட்டும். பாதியில் மைக்கை வாங்காதீர்கள்.