8 நாளும் ஒரே மாநிலமா என்று கேட்ட அண்ணனுக்கு

என்னோட 8 நாள் வட கர்நாடகா பயணத் திட்டத்துக்குக் கீழ நேத்து வந்த அந்தக் கமெண்ட்டை எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கே நாலு பேர் அனுப்பிட்டாங்க, ரொம்ப நன்றி. அதனால முழுக் கதையும் திரும்பச் சொல்லலை. அண்ணன் கேட்டது இதுதான்: "8 நாள் லீவு போட்டு வட கர்நாடகாவுல இடிஞ்ச கல்லைப் பார்க்கணுமா? அதே 8 நாள்ல டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், காசி முடிச்சிடலாமே."

முடிச்சிடலாமாம். ஊரை முடிக்கிறதுக்கு அது என்ன அண்ணா, வீட்டுப்பாடமா?

நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். இவ்வளவு பெரிய நாட்டை ஒரு லீவுல பார்த்துட முடியாது. ஒரு மூலையைப் பார்க்கலாம். அதையாவது நின்னு பார்க்கலாம்.

என் பிளான் இதுதான்: ஹொசபேட்டையில இறங்கி ஹம்பிக்கு 3 நாள். அப்புறம் பாதாமியில தங்கி, சாளுக்கியர் கோயில்கள் இருக்கிற ஐஹொளே, பட்டதக்கல். கடைசியா பிஜாப்பூர். மேப்புல பார்த்தா கையளவு இடம். பாதாமியில ஒரே பாறையில சிவனுக்கு ஒரு குகை, விஷ்ணுவுக்கு ரெண்டு, சமணத்துக்கு ஒண்ணு. நாம பள்ளிக்கூடத்துல படிச்ச சாளுக்கியத் தலைநகர் வாதாபி அதுதான். 642-ல நரசிம்மவர்ம பல்லவன் அந்த ஊரைப் பிடிச்சான். சுமார் 100 வருஷம் கழிச்சு சாளுக்கிய விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடிச்சான். பிடிச்சவன் கைலாசநாதர் கோயில் சொத்துல கை வைக்கலை. கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தேன்னு அங்கேயே ஒரு தூண்ல கன்னடத்துல வெட்டிவச்சிட்டுப் போனான். அந்த வெற்றிக்காக அவன் ராணி லோகமகாதேவி பட்டதக்கல்ல கட்டினதுதான் விருபாட்சர் கோயில். காஞ்சிபுரத்துல அந்தத் தூணைத் தேடிப் பார்த்தவ நான். கதையோட மிச்சப் பாதியைப் பார்க்கப் போறேன். பட்டதக்கல் வளாகத்துல வடக்குப் பாணி சிகரமும் தெற்குப் பாணி விமானமும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது. இதுக்கு மேல என்ன 'பன்முகத்தன்மை' வேணும்? இடிஞ்ச கல்லுன்னு சொன்னீங்களே, அந்த விருபாட்சருக்கு இன்னிக்கும் பூஜை நடக்குது.

"அப்போ வெளிநாட்டுலேர்ந்து வர்றவன் தாஜ்மகால் பார்க்காம போகணுமா?" பார்க்கட்டுமே, யார் தடுத்தா? "எல்லாருக்கும் இவ்வளவு லீவு கிடைக்குமா?" கிடைக்காது. இது நியாயமான கேள்வி, என்கிட்ட பதில் இல்லை.

ஆனா நானும் 'முடிச்சு' பார்த்தவதான். 2014-ல அம்மாவைக் கூட்டிட்டு ஒரு பேக்கேஜ்ல போனேன். 6 நாள், 5 ஊர். ஆக்ரா போய் இறங்கின அன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தாஜ்மகால் கிடையாது. டூர்காரருக்கு அது 'மறந்துபோச்சாம்'. யமுனைக்கு அக்கரையில ஒரு தோட்டத்துல நிறுத்தி, இங்கேர்ந்து போட்டோ நல்லா வரும்னு சொன்னார். அம்மா அதுக்குன்னே எடுத்துவச்ச அரக்கு கலர் பட்டுப்புடவையில நின்னுக்கிட்டு, "இங்கேர்ந்தே நல்லாத்தான்டி தெரியுது"ன்னாங்க. மறுநாள் விடிகாலை 5 மணிக்கு ஜெய்ப்பூருக்கு வண்டி ஏத்திட்டாங்க. லிஸ்ட்டுல ஆக்ராவுக்கு டிக் போட்டாச்சே.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அந்தக் கமெண்ட்டுக்குக் கீழ இன்னொருத்தர், "வயசான அம்மாவைத் தனியா விட்டுட்டு ஊர் சுத்தணுமா"ன்னு. அதுக்கு வரிசையா ஹார்ட்டின் வேற. என் நட்புப் பட்டியல்ல இருக்கிறவங்களே போட்டிருக்கீங்க, பேரையெல்லாம் பார்த்தேன்.

அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போயிடுச்சு. பாதாமிக் குகைக்கெல்லாம் படி ஏறணும். தங்கச்சி வந்து கூட இருக்கப் போறா. இதை உங்ககிட்ட நான் ஏன் விளக்கிக்கிட்டு இருக்கேன்னே தெரியலை. முட்டி நல்லா இருந்தப்போ திரும்ப ஆக்ராவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். போகலை. அது எனக்குத் தெரியும், நீங்க ஹார்ட்டின் போட்டுச் சொல்லணும்னு இல்லை.

ராத்திரி அம்மாகிட்ட பிளானைக் காட்டினேன். பிஜாப்பூர்ல பெரிய குவிமாடம் வச்ச சுல்தான் கல்லறையான கோல் கும்பஸ் வந்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. மேல் மாடத்துல ஒரு பக்கம் கிசுகிசுத்தா எதிர்ப்பக்கம் கேட்கும்னு சொன்னேன். "போட்டோ வேண்டாம், அந்தச் சத்தத்தைப் பிடிச்சு அனுப்பு. அவசரப்படாம, கூட்டம் இல்லாத நேரமா பார்த்துப் பிடி"ன்னாங்க.

அதனால பிஜாப்பூருக்கு இன்னொரு நாள் சேர்த்திருக்கேன். ஆமா அண்ணா, இப்போ 9 நாள்.