படிக்கட்டில் சாப்பிடுவது யாருடைய விருப்பமும் அல்ல

போன திங்கட்கிழமை எங்கள் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். படிக்கட்டுகளிலும் வராந்தாக்களிலும் உட்கார்ந்து சாப்பிடும் மாணவர்களுக்கு 200 ரூபாய் அபராதம். கீழே கையெழுத்து, முத்திரை. அதைப் படித்த நொடியிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருக்கிறது.

இது முடிவான கூட்டத்தில் நானும் இருந்தேன். “கேண்டீனில் இடம் காலியாகத்தான் கிடக்கிறது மேடம். இந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடத்தான் பிடிக்கிறது” என்றார் பொறுப்பில் இருக்கும் ஒருவர். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துதான் இப்போது எழுத வைக்கிறது.

பிடிக்கிறதா? அடுத்த ஐந்து நாளும் 12.40க்கு மணி அடித்ததும் ஆசிரியர் உணவறைக்குப் போகாமல் வளாகத்தைச் சுற்றி வந்தேன். பதினாறு ஆண்டுகளாக இதே இடத்தில் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

மெக்கானிக்கல் பிளாக்கின் பின்பக்கப் படிக்கட்டில் 14 பெண்கள். படிக்கு இரண்டு பேராக, மடியில் டிபன் பாக்ஸ், பக்கத்தில் தண்ணீர் பாட்டில். மேலே ஏறுகிறவர்களின் செருப்பு அவர்களுடைய சோற்றுக்கு ஒரு சாண் தூரத்தில் போகிறது. யாராவது இறங்கி வந்தால் ஒவ்வொருத்தியும் டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு முழங்காலை ஒடுக்கிக்கொள்கிறாள். அந்த அரைமணி நேரத்தில் இதை எத்தனை முறை செய்தார்கள் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். இரு சக்கர வாகன நிறுத்தத்தில் பையன்கள் வண்டி இருக்கையின் மேல் டப்பாவை வைத்து நின்றபடி சாப்பிடுகிறார்கள். தகரக் கூரை, சித்திரை வெயிலில் அதன் அடியில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. வேப்பமரத்தடித் திண்டில் இடம்பிடிக்க மணி அடிப்பதற்கு முன்பே ஒருவன் ஓடி வந்து பையைப் போட்டு வைக்கிறான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முதலாண்டு மாணவிகள் இருவர் செய்தித்தாளை விரித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, “இதோ போய்விடுகிறோம் மேடம்” என்றார்கள். வாயில் சோறு இருந்தது. ஒரு ஆசிரியையைப் பார்த்ததும் பாதிச் சோற்றில் எழுந்திருக்கப் பழக்கி வைத்திருக்கிறோம் இந்தப் பிள்ளைகளை.

சரி, கேண்டீன் ஏன் காலியாக இருக்கிறது? வாசலிலேயே பலகை தொங்குகிறது: வெளி உணவுகளுக்கு அனுமதி இல்லை. அம்மா விடியற்காலையில் எழுந்து கட்டிக் கொடுத்த புளிசாதம் அங்கே வெளி உணவு. உள்ளே ஒரு தட்டு சாம்பார் சாதம் 60 ரூபாய், வெஜ் பிரியாணி 80 ரூபாய். ஒருவர் டோக்கன் வாங்கினால், கூட வந்த தோழி தன் டப்பாவைத் திறக்கக் கூடாது. அதனால் இருவருமே வெளியே வந்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பெண்கள் பக்கத்தில் ஐந்தே மேசைகள். அதை ஒட்டித்தான் டோக்கன் வரிசை நிற்கிறது. அந்த வரிசையின் பார்வையில் உட்கார்ந்து எந்தப் பெண் நிம்மதியாகச் சாப்பிடுவாள்?

வகுப்பறையில் சாப்பிடலாமே என்று கேட்பீர்கள். மணி அடித்ததும் பூட்டிவிடுகிறார்கள். ஸ்மார்ட் போர்டு வைத்திருக்கிறார்கள், திருடு போய்விடுமாம், எறும்பு வருமாம். பலகைக்குக் காவல் போடுகிற நிர்வாகத்துக்குப் பிள்ளைகள் உட்கார ஒரு பெஞ்சு போட மனம் வரவில்லை.

இந்தப் பிள்ளைகள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கல்லூரிப் பேருந்து காலை ஆறரைக்கே ஊர் எல்லைக்கு வந்துவிடும். இரண்டு இட்லியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள் ஏராளம். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 முதல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. மாதம் 25 வேலை நாள் என்று கணக்குப் போடுங்கள், நாளுக்கு 40 ரூபாய். பேனா, ஜெராக்ஸ், பஸ் டிக்கெட் எதையும் தொடாமல் அந்த நாற்பதையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாலும் எங்கள் கேண்டீனில் ஒரு தட்டு சாம்பார் சாதம் கிடைக்காது. இதற்குப் பெயர் விருப்பமா?

பிள்ளைகளுக்குச் சோறு போடுவதை அரசின் கடமையாக ஏற்றுக்கொண்ட மாநிலம் இது. 1956இல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022இல் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. இன்று என் வகுப்பில் இருப்பவர்களில் பலர் அந்தச் சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கல்லூரியும் இலவசமாகச் சோறு போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்த சோற்றை வைத்துச் சாப்பிட ஒரு மேசையும், கை கழுவ ஒரு குழாயும்தான் கேட்கிறேன். சென்னையில் 2013இல் அம்மா உணவகம் தொடங்கியபோது ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம் கொடுத்தார்கள். அங்கேகூடத் தட்டை வைத்து நின்று சாப்பிட ஒரு மேசை உண்டு. ஆண்டுக்கு லட்சத்தை நெருங்கும் கட்டணம் வாங்குகிற இடத்தில் அது இல்லை.

மூன்றாம் நாள் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே படிக்கட்டில், கடைசிப் படியில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, டப்பாவின் மூடியை முழுதாகத் திறக்காமல், ஒரு விரல் இடைவெளி விட்டு உள்ளே கையை நுழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் வகுப்பு மாணவி, நன்றாகப் படிக்கிறவள். “ஏம்மா இப்படி?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “கருவாட்டுக் குழம்பு மேடம். போகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள்” என்றாள்.

நாற்பது நிமிட இடைவேளையில் ஒரு பெண் தன் வீட்டுச் சோற்றை ஒளித்துச் சாப்பிடுகிறாள். ஊரே நடந்துபோகிற வழியில் அவளை உட்கார வைத்தது யார்? ஒரு நல்ல உணவுக் கூடம் இருந்திருந்தால் நான்கு தோழிகளோடு ஒரு மேசையில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, ஆளுக்கு ஒரு வாய் கொடுத்துச் சாப்பிட்டிருப்பாள். யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது சின்ன விஷயம் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதற்காகத் தமிழ்நாடே கொதித்தது. 2023இல் மும்பை ஐ.ஐ.டி.யில் சைவத்துக்கென்று மேசைகளை ஒதுக்கினார்கள். அதை எதிர்த்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். எங்கள் வளாகத்தில் தனிப்பந்தி என்று யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு நாற்காலி, டப்பா கொண்டு வருகிறவளுக்குப் படி. இரண்டு பந்திகள் தாமாகவே உருவாகிவிட்டன. இப்போது அந்தப் படியில் உட்காருவதற்கும் 200 ரூபாய் கேட்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மதியத்தில் எதையுமே சாப்பிடாத பிள்ளைகள். நூலகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி, அங்கே மேசையில் தலை வைத்துப் படுத்திருக்கிறார்கள். மூன்று மணி வகுப்பில் ஒருவன் தூங்கினால் எழுப்பி நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். அவன் என்ன சாப்பிட்டான் என்று ஒரு முறையாவது கேட்டிருக்கிறேனா?

சென்ற ஆண்டு தர மதிப்பீட்டுக் குழு வந்த மூன்று நாளும் தரைத்தளக் கூடத்தில் 30 மேசைகள் போட்டார்கள். வெள்ளை விரிப்பு, குடிநீர்க் கருவி, ‘மாணவர் உணவுக் கூடம்’ என்று பெயர்ப் பலகை. பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைத்துப் புகைப்படம்கூட எடுத்தார்கள். குழுவின் கார் வாசலைத் தாண்டியதும் மேசைகளைக் கிடங்குக்கு ஏற்றிவிட்டார்கள். ஆக, இடம் இருக்கிறது. மேசை இருக்கிறது. பெயர்ப் பலகைகூடத் தயாராக இருக்கிறது. அந்தக் கூடத்தைத் திறந்துவிட ஒரு பைசா செலவில்லை. கேண்டீன் ஒப்பந்தக்காரருக்கு வியாபாரம் குறையும், அது ஒன்றுதான் தடை. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நேரில் போய்க் கேட்டபோது அலுவலகத்தில் எனக்குச் சொன்ன பதிலே அதுதான்.

கோரிக்கைக் கடிதம் எழுதிவிட்டேன். என் துறையில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள், “உங்களுக்கு ஏன் மேடம் இந்த வேலை?” என்றார்கள். எத்தனை பேர் போட்டாலும் போடாவிட்டாலும் கடிதம் திங்கட்கிழமை காலை மேசைக்குப் போகும்.

அதற்குப் பதில் வரும்வரை காத்திருக்கவும் போவதில்லை. டிராயிங் ஹால் சாவி என் பொறுப்பில் இருக்கிறது. அகலமான மேசைகள், வரிசைக்கு ஒரு மின்விசிறி, வெளியே கை கழுவக் குழாய். திங்கட்கிழமை 12.40க்கு அந்தக் கதவைத் திறந்து வைத்து நானும் என் டப்பாவோடு உள்ளே உட்காருவேன். அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன், மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று.