ஷிப்ட் மாத்திட்டாங்க

மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் பாடாங் செராயில் ஒருத்தருக்கு வேலை போய்விட்டால் அதை முதலில் காட்டிக்கொடுப்பது தொழிற்சாலை பஸ்தான். விடியற்காலை 5.40-க்கு முனியாண்டி கோயில் முன்னால் வந்து நிற்கும். யார் யார் ஏறுகிறார்கள் என்று தெரு முழுக்கத் தெரியும். ஒருநாள் ஏறாவிட்டால் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் ஏறாவிட்டால் வாசல் கூட்டும்போதே கேள்வி வந்துவிடும்: "என்னம்மா, லீவா?"

அதற்கு நான் மூன்று வாரம் சொல்லிவந்த பொய்யைத்தான் மேலே தலைப்பாகப் போட்டிருக்கிறேன்.

கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரே கம்பெனியில் 11 வருஷம். பெயர் வேண்டாம். சிப்பில் தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பி இணைக்கிற மெஷின் என் பொறுப்பு. ஆர்டர் குறைந்துவிட்டது, ஆள் குறைக்கிறோம் என்றார்கள். எச்.ஆர். அறையில் உட்கார்ந்திருந்தது நம் தமிழ்ப் பெண்தான். "அக்கா, நீங்களே நின்னுக்கிட்ட மாதிரி ஒரு சுராட் குடுத்திருங்க. ரெக்கார்ட்ல பேரு கெடாது, அடுத்த கம்பெனில ஈசியா எடுத்துக்குவாங்க" என்றாள். அந்தச் சுராட்டை, அதாவது ராஜினாமாக் கடிதத்தை, மலாயில் டைப் செய்தே வைத்திருந்தாள். பக்கத்தில் பேனா, மூடியைத் திறந்து.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். எங்கள் தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது, ஆபிஸ் முன்னால் வரிசையில் நிற்க வைத்துக் கைநாட்டு வாங்கினார்கள். வேலை போனது, வேலையோடு லயத்து வீடும் போனது. "எதுல நாட்டு வெச்சோம்னே தெரியல" என்று இன்றைக்கும் சொல்வார். அது காதில் இருந்ததால், "வீட்டில் காட்டிவிட்டுக் கொண்டுவருகிறேன்" என்றேன். அந்தப் பெண் கடிதத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சரி, இதில் என்னமோ இருக்கிறது என்று அப்போதே விளங்கிவிட்டது.

என்ன இருந்தது என்று சொல்கிறேன். மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாத சம்பளக்காரரை ஆட்குறைப்பில் நிறுத்தினால், 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் முடித்து இரண்டுக்குள் என்றால் வருஷத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். எனக்கு 220 நாள் வருகிறது. மாதம் 2,400 வெள்ளிக்கு ஏறக்குறைய 17,000. இதுபோக 8 வார நோட்டீஸ், அதைக் கொடுக்காவிட்டால் அதற்கும் பணம். நானே நின்றுகொண்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால் இதில் ஒரு காசு கிடையாது. 17,000 வெள்ளிக்குப் பேரு கெடாமல் பார்த்துக்கொள்வதாம்!

மறுநாள் போய், "நீங்கள் நிறுத்துகிறீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்றேன். கை நடுங்கியது உண்மை. கொடுத்துவிட்டார்கள்.

என் பக்கத்து மெஷின்காரி கையெழுத்துப் போட்டுவிட்டாள். 9 வருஷ சர்வீஸ். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமாவை எதிர்த்துத் தொழிலுறவுத் துறையில் முறையிடலாம், ஆனால் 60 நாளுக்குள் போக வேண்டும். அவள் என்னிடம் வாய் திறந்ததே தீபாவளிக்கு முறுக்கு சுட வந்தபோதுதான். மாவு பிசைந்துகொண்டே சொன்னாள். நாலு மாதம் ஓடிப்போயிருந்தது.

வீட்டில் திருடு போனால் ஊரைக் கூட்டுகிறோம். வேலை போனால் மட்டும் நாமே திருடிவிட்ட மாதிரி ஒளிந்துகொள்கிறோம். எனக்கு இதில்தான் கோபம், என் மேலேயும் சேர்த்து. ஏனென்றால் சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதிப் பணத்துக்கும் அதே 60 நாள்தான் கெடு. 2018-லிருந்து சம்பளச் சீட்டில் எஸ்.ஐ.பி. என்று 0.2 விழுக்காடு பிடிக்கிறார்களே, அதுதான். எனக்கு மாதம் நாலு வெள்ளி சொச்சம், கம்பெனியும் அதே அளவு கட்டியிருக்கிறது. பிச்சை இல்லை, நம் பணம். ஆனால் நான் மனுப் போட்டது 41-ஆம் நாள். ஷிப்ட் மாறியதாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேனே, அந்த நாளெல்லாம் இந்தக் கணக்கில் ஓடியவைதான்.

முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. சும்மா தரமாட்டார்கள், வேலை தேடியதற்கு மாதாமாதம் கணக்குக் காட்ட வேண்டும். சொக்சோவின் மைஃப்யூச்சர்ஜாப்ஸ் வேலை தேடும் தளத்தில் பதிந்தபோது என் ரெசுமேயில் 11 வருஷமும் 'ஆப்பரேட்டர்' என்று ஒரே வரியில் அடங்கியிருந்தது. கவுன்டரில் இருந்த மலாய்த் தம்பி, "அக்கா, மெஷினில் என்னதான் செய்வீர்கள்?" என்று கேட்டான். சொல்லச் சொல்ல எழுதினான். கம்பி அறுந்தால் கோர்ப்பது, மைக்ராஸ்கோப்பில் குறை பார்ப்பது, புதிதாக வந்தவர்களுக்குப் பழக்குவது. ஒரு பக்கம் வந்தது. எனக்கே வேறு யாரையோ பற்றிப் படிப்பது போல இருந்தது. அனுபவத்தை வைத்தே எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்க பி.பி.டி. என்று ஒரு வழி இருப்பதையும் அவன்தான் சொன்னான். வகுப்புக்குப் போக வேண்டியதில்லை, செய்த வேலைக்கு ஆதாரம் காட்டினால் போதும். இப்போது அதற்குத்தான் கோப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கு விஷயம் தெரிந்ததும் முதலில் வீடு தேடி வந்தவர் சத்துமாவு விற்கும் ஓர் அண்ணன். "இது கடவுள் காட்டுற வழிம்மா, கீழே ஆறு பேரைச் சேர்த்தா போதும்" என்றார். தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

மூன்று மாதப் பணம் வாங்கிய பிறகு சுங்கைப் பட்டாணியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் தொழிற்சாலையில் க்யூ.சி. வேலை கிடைத்தது. சம்பளம் 1,900. குறைவுதான். பஸ் இல்லை, மோட்டாரில் போகிறேன். சீக்கிரம் வேலையில் சேர்ந்ததற்கு, மீதமிருந்த 2,400 வெள்ளியில் கால்வாசி, 600 வெள்ளி, சொக்சோ கொடுத்தது. மோட்டாருக்கு இரண்டு டயரும் மாற்றிவிட்டேன்.

ஒரு குறை இருக்கிறது. ஏஜென்ட் வழியாக ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு, ஒப்பந்தம் முடிந்து நின்றால் இந்தக் காப்புறுதி கிடையாது. பிடிப்பது மட்டும் எல்லோரிடமும் பிடிக்கிறார்கள். இன்றைக்கு எங்கள் தெருவில் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். இதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் தேர்தல் நேரத்தில் அரிசி கொண்டுவருகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எதிர்வீட்டுத் தம்பி வந்து கேட்டோரம் நின்றான். நிரந்தர வேலையில் இருந்த பையன். கையில் மடித்து மடித்து நைந்துபோன கடிதம். "அம்மாகிட்ட சொல்லிராதீங்க அக்கா" என்றான். பிரித்துத் தேதி பார்த்தேன். விரல்விட்டு எண்ணினால் அன்றைக்கு 56-ஆம் நாள்.

"நாளைக்குக் காலையில பசியாறிட்டு, அடையாள அட்டையும் பேங்க் புத்தகமும் எடுத்துக்கிட்டு வா" என்றேன்.